கஞ்சியில் கரைத்தது

செப்டம்பர் 28

தம்பி சென்னியப்பன் வந்துவிட்டான். ஆயுத பூஜைக்கு முன்னால் வண்டியை சர்வீஸுக்கு விட வேண்டுமாம். சத்தீஸ்கரில் ஏதோ காட்டுக்குள் போர் போட்டுக்கொண்டிருந்தவன், வண்டியோடு வந்திருக்கிறான். திருச்செங்கோட்டில் பாதி வீட்டு ஆண்கள் இப்படித்தான். ஊர் ஊராகப் போய் ஆழ்குழாய்க் கிணறு தோண்டுவார்கள். போனால் மாசக்கணக்கில் ஆளைப் பார்க்க முடியாது.

முன்பெல்லாம் வந்தால் வாசலிலேயே "அக்கா" என்று கூப்பிடுவான். இன்றைக்கு "பிரசீதா" என்று கூப்பிட்டான். நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். புருஷன் செத்து இந்த வீட்டுக்கு நான் திரும்பி வந்தபோது அவனுக்கு எட்டு வயது. அம்மாவும் இல்லை. அன்றிலிருந்து அவன்தான் எனக்குப் பிள்ளை. முப்பத்தாறு வயது வரை நம் பக்கத்தில் ஒரு பெண்ணும் அமையவில்லை. புரோக்கர் பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டில் இந்தப் பிரசீதாவைப் பார்த்துக் கட்டிவைத்தார். ஆறு மாசம் ஆகிறது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்கிறாள் பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியக்கா.

ஆள் இளைத்திருக்கிறான். கேட்டால், "அங்க காய்ச்சல்ல ரெண்டு நாள் படுத்துட்டேன்க்கா. நர்ஸம்மா மாத்திரை குடுத்தாங்க, ஒரே நாள்ல சரியாப் போச்சு," என்றான்.

செப்டம்பர் 30

தேங்காயெண்ணெயில் தாளித்த குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான். தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைச் சோற்றில் ஊற்றுவார்களா என்று போன வருஷம் கேட்டவன் இவன்தான். ஒருத்தன் நாக்கே மாறிப் போகுமா?

பாப்பாத்தியக்காவிடம் சொன்னேன். மலையாளத்துக்காரிகள் கைப்பக்குவத்தில் என்னென்ன கலந்திருக்குமோ என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, நிஜமாகவா, தெரியவில்லை.

அக்டோபர் 3

பட்டறையிலிருந்து மத்தியானமே திரும்பி வந்தவன், குளிருகிறது என்று படுத்தான். வெளியே வெயில் கொளுத்துகிறது. இரண்டு கம்பளி, அதன்மேல் ஜமுக்காளம் போட்டும் கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்கினான். பிறகு தொட முடியாத சூடு. பிறகு தலையணை நனைய வேர்த்துக் கொட்டியது. வேர்வை அடங்கியதும் எழுந்து உட்கார்ந்து டீ கேட்டான். இப்படி முறை வைத்து வருகிற காய்ச்சலை நான் பார்த்ததில்லை.

பிரசீதா அவன் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கவலை இருந்தது, ஆச்சரியம் இல்லை. இதுதான் வரும் என்று தெரிந்தவள் மாதிரி இருந்தாள்.

அக்டோபர் 4

டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அவளும் கிளம்பினாள். வீட்டுக்கு ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டேன்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வெளியூர் எங்கேயாவது போயிருந்தாரா என்பதுதான். எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியாதா? கொரோனா சமயத்தில் வண்டியோடு வந்தவர்களை என்ன பாடு படுத்தினார்கள். எங்கள் வாசலில் தகரம் வைத்து அடித்துவிட்டுப் போனார்கள், பால்காரன்கூட வரவில்லை. சென்னியப்பன் வாயைத் திறப்பதற்குள், "இல்லீங்க, ஊட்டுலதான் இருக்கான்," என்றேன். அவன் பெஞ்சில் தலையைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான், மறுத்துப் பேசத் தெம்பில்லை. ஊசி போட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்து, மூன்று நாளில் விடாவிட்டால் ரத்தம் பார்க்கலாம் என்றார்.

தேங்காய் வாங்க மறந்துவிட்டேன்.

அக்டோபர் 5

என் கண்ணால் பார்த்தேன்.

கஞ்சி எடுக்கச் சமையலறைக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. தள்ளினால், அவள் மேடையோரம் நின்று தம்ளரின் அடியால் எதையோ நசுக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் அவனுக்கு ஆற வைத்த கஞ்சி. என்னைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

என்னடி அது என்றேன். மாத்திரை என்றாள். டாக்டர் கொடுத்த மாத்திரை என் அலமாரியில் இருக்கிறது, இது ஏது? சென்னியப்பனின் பையில் இருந்ததாம். அங்கே மலேரியா என்று நர்ஸ் கொடுத்ததாம், மூன்று நாள் போட வேண்டியதை இவன் ஒரு நாள் போட்டுவிட்டு மீதியைப் பையிலேயே வைத்துவிட்டானாம்.

"வாயில வெச்சா வாந்தி எடுக்கறார் சேச்சி. அதான் பொடிச்சுக் கஞ்சியில குடுக்கலாம்னு."

அப்படியானால் கதவை எதற்குச் சாத்தினாய் என்று கேட்டேன். காற்றுக்குச் சாத்திக்கொண்டது என்றாள். காற்றாம்! துணிக்கொடியில் துண்டு அசையவில்லை.

அட்டையைப் பிடுங்கிப் பார்த்தேன். ஹிந்தி எழுத்து. முதல் வரிசை காலி. அந்த முதல் வரிசையை யார் யாருக்கு எதில் கலந்து கொடுத்தார்கள் என்று யார் கண்டது? மலேரியாவாம். நம் தெருவில் யாருக்கு மலேரியா வந்திருக்கிறது? கஞ்சியைச் சாக்கடையில் ஊற்றினேன். அட்டையை என் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன். நாளைக்கு ஒன்று என்றால் கையில் சாட்சி வேண்டும்.

அவள் அழவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று மட்டும் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

அக்டோபர் 6

கண் மஞ்சளாகிவிட்டது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. என்னை "அம்மா" என்கிறான். அம்மா போய் இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. பைப் இறங்கவில்லை, கம்ப்ரஸரை நிறுத்து என்று கத்துகிறான். அவள் நெற்றியில் கை வைத்தால் அடங்குகிறான். நான் வைத்தால் தட்டிவிடுகிறான்.

பாப்பாத்தியக்கா வந்து பார்த்ததுமே சொல்லிவிட்டாள், இது இடுமருந்து. சோற்றில் கலந்து கொடுப்பது. அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளைச் சொன்னபடி கேட்க வைக்கும், அளவு மிஞ்சினால் ஆளையே உருக்கிவிடும். அவளுடைய சின்ன மாமனாருக்கு இதே மாதிரி கண் மஞ்சளாகி, புத்தி பேதலித்துப் போயிருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் வயிற்றிலிருந்து அந்த மருந்தை எடுக்கிறாராம். செவ்வாய்க்கிழமை போகலாம் என்றாள். "அவகிட்டச் சொல்லாத கண்ணு. தெரிஞ்சா மாத்து மருந்து வெச்சுருவா."

பேய்க்கும் பார், நோய்க்கும் பார் என்பார்கள். நோய்க்குப் பார்த்தாகிவிட்டது.

அக்டோபர் 7

வெறும் வயிறாக வரவேண்டுமாம். தண்ணீர் தவிர ஒன்றும் தரவில்லை. அவள் சர்க்கரைத் தண்ணீர் தம்ளரோடு மூன்று தடவை வந்தாள். நான் அறை வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 9

நேற்று எழுத முடியவில்லை. இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்.

செவ்வாய் காலையில் வாடகை வேனில் கிளம்பினோம். நான், பாப்பாத்தியக்கா, சென்னியப்பன். ஆஸ்பத்திரிக்கு என்று பொய் சொல்லியும் பிரசீதா கேட்கவில்லை, வேனில் ஏறி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். போய் இறங்கின இடத்தைப் பார்த்ததும் அவள் முகம் சுண்டிவிட்டது. உள்ளே வரவில்லை.

மருந்தெடுக்கிறவர் ஏதோ பச்சிலைச் சாற்றைத் தட்டில் ஊற்றி வைத்தார். அது கட்டியாக உறைந்தது. உறைந்தால் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். பிறகு வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடது பக்கம் விலாவுக்குக் கீழே கல் மாதிரி கட்டி. என் கையையும் பிடித்து வைத்துக் காட்டினார். நானும் தொட்டேன், இருந்தது. "இதுதானுங்க ஒட்டிட்டு இருக்குது," என்றார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். பயம் ஒரு பக்கம். நான் சொன்னது சரியாகிவிட்டது என்ற நிம்மதி ஒரு பக்கம். அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சாற்றைக் குடிக்க வைத்தார். பச்சைப் பச்சையாக வாந்தி எடுத்தான். அதற்குள்ளிருந்து கோலிக்குண்டு அளவு கறுப்பாக ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அலசிக் காட்டினார். பாப்பாத்தியக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் அவர் காலில் விழுந்தேன்.

திரும்பி வரும்போது பாதி வழியில் அவன் கண் மேலே செருகியது. தாடை கட்டிக்கொண்டது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை. நான் அலறிக்கொண்டிருந்தேன். பிரசீதாதான் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, "வீட்டுக்கு வேண்டாம் அண்ணா, பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுங்க," என்றாள். டிரைவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினான்.

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே கத்திவிட்டேன். "இவ மருந்து வெச்சுட்டாங்க! என்ற தம்பிக்குக் கஞ்சியில கலந்து குடுத்துட்டாங்க! என்ற கண்ணால பாத்தனுங்க!" அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நர்ஸ் என்ன விஷம் என்று கேட்டாள். தெரியாது என்றேன். எப்போது சாப்பிட்டார் என்று கேட்டாள். அதற்கும் சரியாகப் பதில் சொல்லவில்லை. வெளியூர் போனாரா என்று இங்கேயும் கேட்டார்கள். போகவில்லை என்று ஒரு டாக்டரிடம் சொன்னதை இன்னொருவரிடம் மாற்றிச் சொன்னால் சந்தேகப்பட மாட்டார்களா? இல்லை என்றே சொன்னேன்.

சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கிறது என்று உள்ளே ஓடினார்கள். விஷம் என்பதால் போலீஸுக்குச் சொன்னார்கள். ஒரு ஏட்டய்யா வந்து பிரசீதாவை மூலையில் இருந்த ஸ்டூலில் உட்கார வைத்து, பெயர், அப்பா பெயர், ஊர் என்று ஆரம்பித்தார். அவள் எழுந்து எழுந்து டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றாள். உட்காரும்மா என்று அதட்டினார். வராந்தாவில் போகிறவர்கள் எல்லாம் நின்று அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஏட்டய்யா போன் பேச எழுந்த நேரத்தில் என்னிடம் வந்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள்.

"சேச்சி, என்னை என்ன வேணா சொல்லிக்கோங்க. அந்த அட்டையை மட்டும் டாக்டர்ட்ட காட்டுங்க."

சாட்சியை என் கையிலிருந்து கிளப்பப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். சுருக்குப்பையை இன்னும் உள்ளே தள்ளிச் செருகிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. டீ வந்தது, குடித்தேன். உள்ளே அவன் கிடக்கிறான், நான் டீ குடித்தேன்.

ஏட்டய்யா கடைசியாக என்னிடம் வந்து ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இதற்காகத்தானே காத்திருந்தேன். அட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனார்.

டாக்டரம்மா ஓடிவந்தாள். ஓடி என்றால் நிஜமாகவே ஓடி. இதை யார் சாப்பிட்டது, எத்தனை வேளை என்று கேட்டாள். ஒரு வேளையும் உள்ளே போகவிடவில்லை, நான்தான் பிடுங்கிவிட்டேன் என்றேன். பெருமையாகவே சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு பிரசீதா பக்கம் திரும்பி, இவர் எங்கே வேலை பார்க்கிறார் என்று கேட்டாள்.

"பஸ்தர் காட்டுல மேடம். வந்து பத்து நாள் ஆச்சு."

விரலில் ரத்தம் எடுத்துப் பார்த்ததும் மலேரியாதான் என்று தெரிந்துவிட்டது. அதற்கான ஊசி அப்போதுதான் போட்டார்கள்.

பிறகு டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னாள். கொசு கடிக்கும்போது கிருமி உள்ளே போகிறது. முதலில் ஈரலில் உட்கார்ந்து பெருகுகிறது. பிறகு ரத்தத்தின் சிவப்பு அணுக்களுக்குள் புகுந்து, தின்று பெருத்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த நேரத்தில்தான் நடுக்கமும் காய்ச்சலும். இவனுக்கு வந்திருப்பது அதில் மோசமான வகை. கிருமி புகுந்த அணு ஓடாமல் சின்னச் சின்ன ரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. எனக்கு அவன் சொல்லும் போர்க்குழிதான் ஞாபகம் வந்தது, சேறு அடைத்துக்கொண்டால் அதற்கு மேல் ஒன்றும் ஏறாது. மூளையில் அடைத்தால் பிதற்றல், வலிப்பு, நினைவு தப்புவது. உடைந்த அணுக்களின் சாயம்தான் கண்ணில் மஞ்சளாகவும் மூத்திரத்தில் கறுப்பாகவும் வந்தது. சிறுநீரகம் இரண்டும் நின்றுபோகும் நிலையில் இருக்கிறது. இந்த நோயில் ரத்தத்துச் சர்க்கரை தானாகவே இறங்கும், அதோடு பட்டினியும் சேர்ந்திருக்கிறது.

விலாவுக்குக் கீழே கட்டி இருந்ததே என்று கேட்டேன். மண்ணீரல் என்றாள். செத்த அணுக்களை அரித்து அரித்து வீங்கியிருக்கிறதாம்.

பட்டினி போட்டது யார் என்று அவள் கேட்கவில்லை. பிரசீதாவும் சொல்லவில்லை.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. பட்டறையிலிருந்து பொரியும் சுண்டலும் கொடுத்துவிட்டார்கள். டயாலிசிஸ் இரண்டாவது தடவை. கண் திறக்கவில்லை.

அக்டோபர் 12

இவள் ஏன் பேசாமல் இருக்கிறாள்? நேற்று அவளுடைய அப்பா கொல்லங்கோட்டிலிருந்து வந்தார். வராந்தாக் கோடியில் இரண்டு பேரும் மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்வாள், இப்போது அந்த மனுஷன் என் மேல் பாய்வார் என்று தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் வந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டார். எதற்குச் சேர்த்து வைக்கிறாள்? அவன் கண் திறந்ததும் அவனிடம் நேராகப் போட்டுக்கொடுக்கவா?

ஏட்டய்யாவும் வந்தார். தப்பாக நினைத்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் முன்னால் அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14

கண் திறந்தான். முதலில் அவளைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீ சாப்பிட்டியா?" என்றான். அம்மா என்று சொல்லவில்லை. அக்கா என்றான். பாத்ரூமுக்குள் போய் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். என்ற சாமி, என்ற தங்கம், பிழைத்துவிட்டான்.

அக்டோபர் 19

மூத்திரம் தானாகப் போகிறது. இனி டயாலிசிஸ் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஊன்றிக்கொண்டு நான்கு அடி நடந்தான். கை நடுக்கம் மெல்லத்தான் போகுமாம்.

அவள் இன்னும் சொல்லவில்லை. நான் கேன்டீனுக்குப் போய்விட்டுக் கதவருகில் நின்று கேட்டேன். தேங்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அக்டோபர் 21

சொன்னது அவள் இல்லை, வார்டு நர்ஸ். உங்கள் வீட்டம்மாவைப் போலீஸ் உட்கார வைத்ததே, அந்த விவகாரம் முடிந்ததா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறாள். சென்னியப்பன் பிரசீதாவைக் குடைந்து குடைந்து கேட்டு எல்லாவற்றையும் வாங்கிவிட்டான்.

நான் உள்ளே போனபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். திட்டுவான் என்று தயாராகத்தான் போனேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

"அவ கையால குடுக்க விட்டிருந்தா அன்னைக்கே தீந்திருக்கும், இல்லீங்க்கா?"

தம்பி என்னை வாங்க போங்க என்று பேசினது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 25

டிஸ்சார்ஜ். நேராகக் கொல்லங்கோட்டுக்குப் போகிறார்கள். உடம்பு தேறுகிற வரை என்றான். எப்போது தேறும் என்று நான் கேட்கவில்லை. பிரசீதா மட்டும் கார் ஜன்னலில் குனிந்து, நீங்களும் வாங்க சேச்சி என்றாள். மனசாரச் சொன்னாளா, ஒப்புக்குச் சொன்னாளா என்று வீடு வந்து சேரும் வரை யோசித்தேன். மனசாரத்தான் சொல்லியிருக்கிறாள். அதுதான் தாங்க முடியவில்லை.

அக்டோபர் 29

தெரு முழுக்கப் பேச்சு. மலையாளத்துக்காரி மருந்து வைத்தாள், துளசிமணி, அதாவது நான், கண்டுபிடித்து எடுக்க வைத்ததால் பையன் பிழைத்தான், கடைசியில் ஆளையே கிளப்பிக்கொண்டு போய்விட்டாள். கறுப்பு உருண்டை கோலிக்குண்டிலிருந்து எலுமிச்சம்பழமாக வளர்ந்துவிட்டது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அவள் இந்தத் தெருவுக்குள் இனி எந்த முகத்தோடு வருவாள்? அவள் வராமல் அவன் வருவானா?

அக்டோபர் 30

பால் வாங்குகிற இடத்தில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். மருந்தும் இல்லை மாயமும் இல்லை, கொசுக்கடிக் காய்ச்சல். அந்தப் பெண் கொடுக்க வந்தது காய்ச்சல் மாத்திரை. பிடுங்கினது நான். பட்டினி போட்டது நான். டாக்டரிடம் பொய் சொன்னது நான். அவளை விட்டிருந்தால் அவன் வலிப்பு வந்து கிடந்திருக்க மாட்டான். அவள் தங்கமான பெண், யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்றேன்.

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

பாப்பாத்தியக்கா பின்னாலேயே வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். என் கீழ் இமையை இழுத்துக் கண்ணைப் பார்த்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது, நிஜமான பாசம்தான்.

"இத்தன நாளா அவளக் கண்டா ஆகாது உனக்கு. ஆஸ்பத்திரில இருந்தப்ப அவ வாங்கிக் குடுத்ததத்தான தின்ன? ஏமாந்துட்டியே கண்ணு. உனக்கும் வெச்சுட்டா."

இல்லை என்றேன். இல்லவே இல்லை என்றேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிக்கொண்டு என் முதுகைத் தடவினாள். செவ்வாய்க்கிழமை கூட்டிப்போகிறேன், திங்கட்கிழமை ஒன்றும் சாப்பிடாதே என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அழுவதையும் அவள் ஒரு அறிகுறியாகத்தான் பார்த்தாள்.